காட்டில் கேட்ட தும்மல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் செல்லப் பெண் சிட்டுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. டவுனில் உட்கார்ந்து நீங்கள் பதிவு செய்து அனுப்புகிறீர்களே விருந்தாளிகள், அவர்களால்தான் எனக்குப் பாதித் தலைமுடி கொட்டிவிட்டது.

போன வாரம் வந்த ஒரு பெரியவர், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, முகாம் படியில் நின்றபடியே கேட்டார்: "யானை எத்தனை மணிக்கு வரும்?" யார் சொன்னது என்று கேட்டேன். "புக் பண்றப்ப அந்த அம்மா நிச்சயம் வரும்னு சொன்னாங்களே!" என்றார். அண்ணி, யானை என்ன டவுன் பஸ்ஸா, நேரத்துக்கு வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போக? அவர் போதாத காலம், மறுநாள் காலையில் நிஜமாகவே ஒன்று பாதையில் வந்து நின்றுவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, ஓடாமல், வந்த வழியே மெல்லத் திரும்பிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். மனிதர் "ஒரே ஒரு போட்டோம்மா" என்று முன்னே போகிறார். நம் வழிகாட்டி பூனைக்கால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கடிதத்தில் வேறு செய்தி எழுதியிருப்பேன். அப்புறம் அவருக்குக் கோபம், சட்டை கிழிந்துவிட்டதாம்.

அதே கும்பலில் ஒரு அம்மா பூக்கடையையே தலையில் கவிழ்த்துக்கொண்டதுபோல சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். தேனீ சும்மா இருக்குமா? "இந்தத் தேனீக்கெல்லாம் மருந்து அடிக்கக் கூடாதா?" என்று என்னிடமே கேட்டார். இன்னொருவர் தன் மதியச் சாப்பாட்டில் பாதியைக் குரங்குக்குப் போட்டுவிட்டு, மிச்சப் பாதியை அது பிடுங்கிக்கொண்டு போனதும் எங்கள் மேல் புகார் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். செவிடன் காதில் ஊதின சங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஊதுகிறவளின் வாய் வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இங்கே போன் எடுக்காது, ஜீப்காரர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார் என்பதால் முக்கியமானதை இப்போதே எழுதிவிடுகிறேன். ஓடைக்கு மேலே இருக்கிற பெரிய மரப் பொந்துக்கு இருவாச்சிப் பறவை ஜோடி வந்துவிட்டது. பெண் உள்ளே போய் உட்கார்ந்து வாசலைத் தானே பூசி அடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கீறல் அளவுதான் திறந்திருக்கும். குஞ்சு பெரிதாகி வெளியே வருகிறவரைக்கும் அவளுக்கு அதுதான் வீடு, அதுதான் சிறை. ஆண் கொண்டுவந்து கொடுக்கிற பழம்தான் சாப்பாடு. அவன் பயந்து போய் வராமல் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற எல்லோரும் பட்டினி. ஆகையால் அந்தப் பக்கப் பாதையை மூடிவிட்டேன். இனிமேல் அங்கே யாரும் போகக் கூடாது. யாரும் என்றால் யாரும். பதிவு செய்கிறவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு "இல்லை", "முடியாது" என்ற இரண்டு வார்த்தையும் வாயில் வராது என்று தெரிந்துதான் கெஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
தொண்டை வறண்ட உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

காட்டரசியாகிய என் நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உன் அண்ணனிடமும் படித்துக் காட்டினேன். "உங்க ரெண்டு பேர் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு விதி அதுதான்.

மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு கட்டளை போடுவது சுலபம், அம்மணி. இங்கே முன்னறையில், கிரீச் கிரீச்சென்று கத்துகிற மின்விசிறிக்குக் கீழே, காதில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசிப் பார். நேற்று ஒருத்தர் கேட்கிறார், "மழைக்காடுன்னா மழை பெய்யுமா?" இன்னொருத்தி, "அட்டைப்பூச்சி இல்லாத ரூமா பாத்துக் குடுங்க." ஒரு தகப்பனார், "புலி வேணாங்க, புள்ளைங்க பயப்படும். மான் மாதிரி ஏதாவது சாதுவானதா ஏற்பாடு பண்ணுங்க." இவர்களிடம் போய், "பார்த்தாலும் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், இதைச் செய்யாதே, அங்கே போகாதே" என்று ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் டொக்! அறையெல்லாம் காலியாகக் கிடந்தால் முகாமை இழுத்து மூட வேண்டியதுதான், அப்புறம் அந்த இடத்தை யார் எடுத்து என்ன பண்ணுவார்களோ என்று போன வருஷம் மூக்கைச் சிந்தியது யார்? நானா?

உன் விதிகளை நான் சொல்லாமல் இல்லை. அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறேன். விசில் கொடுக்கிறேன், வழி தப்பினால் நின்ற இடத்தில் உட்கார்ந்து மூன்று தடவை ஊதுங்கள் என்கிறேன். அவர்கள் அந்தக் காகிதத்தில் பஜ்ஜி எண்ணெய் துடைத்தால் நான் என்ன செய்வது?

ஒரு பெண் கேட்டாள், "காடு என்ன வாசனை அடிக்கும்?" என்று. நான் என்னத்தைக் கண்டேன்? மழையில் நனைந்த மண்ணும் ஏலக்காயும் கலந்த மாதிரி இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். சரிதானா என்று எழுது.

இன்னொரு விஷயம். வருகிறவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவதால், இங்கேயே அவர்களுக்கு ஒரு சின்னப் பரிசு கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். தெரிந்தால் உனக்கே பெருமையாக இருக்கும்.

சாப்பிட்டாயா என்று நீ எழுதுவதே இல்லை. நான் கேட்கிறேன், சாப்பிட்டாயா?

உன் அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிட்டேன். ஏலக்காய் வாசனையெல்லாம் இங்கே இல்லை. இனிமேல் அப்படிச் சொல்லி வைக்காதீர்கள்.

என்னவோ சரியில்லை அண்ணி. ஆண் இருவாச்சி பத்து நாளாகவே ஒரு மாதிரி இருக்கிறான். பழத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு பொந்துக்கு வராமல் எதிர் மரத்தில் உட்கார்ந்து அங்கேயும் இங்கேயும் தலையைத் திருப்புகிறான். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதுபோலத் தேடித் தேடிப் பறக்கிறான். இந்தப் பக்கம் வேறு ஜோடியே கிடையாது. பூனைக்காலும் நானும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம். "காட்டுக்குள்ள யாரோ பொய் சொல்றாங்கக்கா" என்றான் அவன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விருந்தாளிகளும் ஏதோ ரகசியம் வைத்திருப்பதுபோல் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். நான் கிட்டே போனால் போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அண்ணி, அந்தப் பரிசு என்ன? நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜீப்காரர் திரும்பி வரும்போது பதில் வேண்டும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 3

அன்பு நாத்தனாருக்கு,

ஜீப்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். பரிசைப் பற்றி இப்படியா பயந்து சாவாய்? யாருக்கும் கெடுதல் இல்லாத, கையில் பிடிக்கக்கூட முடியாத பொருள். வாங்கியவர்கள் எல்லோரும் நம் சிட்டு மாதிரி கண்ணை மூடிக் கேட்கிறார்கள். பாதி சொல்லிவிட்டேன், போ.

இந்த வாரம் வருகிறவர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், நல்ல மனிதர், விதிக் காகிதத்தை என் எதிரிலேயே இரண்டு தடவை படித்தார். இன்னொரு கும்பலில் ஒரு வங்கி மேலாளர். அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும். இருவரிடமும் பொறுமையாக நட.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

பூனைக்காலை ஏற்றிக்கொண்டு வருகிற அதே ஜீப்பில் இந்தக் கடிதமும் வருகிறது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. முதலில் அவனை ஆஸ்பத்திரியில் சேருங்கள். அப்புறம் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

முந்தாநாள் காலையில் பல் டாக்டரின் கும்பலைப் பூனைக்கால் மேல்பாதையில் கூட்டிக்கொண்டு போனான். வங்கி மேலாளரின் கும்பலோடு நான் ஓடைப் பாதையில் போனேன். பாதியில் மேலாளர், "ஷூ கயிறு அவுந்துடுச்சு, நீங்க போங்க, வர்றேன்" என்றார். நானும் ஒரு முட்டாள், நம்பினேன். அதே நேரத்தில் மேலே டாக்டர், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பின்தங்கிவிட்டாராம். இரண்டு பேர் பையிலும் கைக்கு அடக்கமான ஸ்பீக்கர். இரண்டு பேரிடமும் நீங்கள் கொடுத்த பரிசு.

டாக்டர் இருவாச்சிக் குரலைப் போட்டுவிட்டார். கீழே இருந்த மேலாளருக்கு அது கேட்டது. அடடா, பறவை கூப்பிடுகிறது என்று பாதையை விட்டு இறங்கி, பதிலுக்குத் தன் ஸ்பீக்கரைப் போட்டார். அது டாக்டருக்குக் கேட்டது. அடடா, பறவை பதில் சொல்கிறது என்று அவரும் இறங்கினார். இப்படி இவர் அவரை இருவாச்சி என்று நினைத்து, அவர் இவரை இருவாச்சி என்று நினைத்து, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டே காட்டுக்குள்ளே போய்விட்டார்கள். சிரிக்க வேண்டாம் அண்ணி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழையில் ஓடைப் பக்கம் நிற்கவே கூடாது. இங்கே தூறல் போடும்போது மலைமேல் கொட்டிக்கொண்டிருக்கும், கண் இமைக்கிற நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும். மற்றவர்களை முகாமில் விட்டுவிட்டு நாங்கள் தேடக் கிளம்பினோம். மூங்கில் பக்கமிருந்து இருவாச்சிக் குரல் வந்தது. அந்தப் பக்கம் அதற்குத் தின்ன ஒரு பழம் கிடையாது, அங்கே அதற்கு என்ன வேலை என்று நினைத்தபடியே போகிறேன். அப்போதுதான் கேட்டது.

தும்மல்.

யாரோ தும்மிய தும்மல் இல்லை அண்ணி. என் தும்மல். "ஆச்" என்று ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, மூக்குக்குள்ளேயே செத்துப்போகிற என் தும்மல், நான் இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது புதருக்குள்ளிருந்து வருகிறது. என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் உறைத்தது. சிட்டு குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலில் தூங்க மாட்டேனென்று அழுகிறாள் என்று நீங்கள் எழுதினீர்களே, அப்போது அவளுக்காக, பறவை பார்க்கக் கட்டிய மறைவில் உட்கார்ந்து நான் பதிவு செய்து அனுப்பினேனே காட்டுச் சத்தம், அது. அதில்தான் நடுவில் தும்மினேன்.

குழந்தையின் தாலாட்டைப் பிரதி எடுத்து, வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்!

டாக்டர் ஒரு மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி தப்பிவிட்டது என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து மூன்று மூன்றாக விசில் ஊதியிருக்கிறார், நாங்கள் அப்போது தூரத்தில் இருந்ததால் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. விசில் பலிக்காததால் மறுபடி ஸ்பீக்கரைப் போட்டாராம். இந்த ஒரு மனிதராவது அந்தக் காகிதத்தைப் படித்திருக்கிறாரே என்று திட்ட வந்த வாயை மூடிக்கொண்டேன். "பறவை தும்முச்சும்மா," என்றார் என்னைப் பார்த்ததும். "பறவைக்குக்கூட ஜலதோஷம் வருமான்னு யோசிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

மேலாளர் அதைப் படித்தவர் இல்லை, எல்லாம் முன்னமே தெரிந்தவர். கல்லுக்குக் கல் தாவி ஓடையைத் தாண்டி, மூடி வைத்த பாதையில் ஏறி, நேராகப் பொந்து மரத்துக்கு அடியிலேயே போய் நின்று ஸ்பீக்கரை அலற விட்டிருக்கிறார். திரும்பி வருவதற்குள் தாவி வந்த கல்லெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. நீந்தி வந்துவிடுகிறேன் என்று சட்டையைக் கழற்றுகிறார். பூனைக்கால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய் அவரைக் கொண்டுவந்து சேர்த்தான். கரையேறும்போது மிதந்து வந்த ஒரு மரக்கட்டை அவன் காலில் அடித்தது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் கத்தவில்லை. பொந்து இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "கத்தாதீங்கக்கா" என்று என்னைத்தான் அடக்கினான்.

அன்றைக்குப் போன ஆண் இருவாச்சி இதுவரைக்கும் திரும்பவில்லை. எதிர் மரத்திலிருந்து எழும்பிப் போனதைப் பூனைக்கால் பார்த்திருக்கிறான். இரண்டு நாளாக அந்தக் கீறலில் ஒரு அலகு நுனி மட்டும் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கிறது. அத்திப்பழத்தைக் கோலில் குத்தி நாமே ஊட்டக் கூடாதா என்று சிட்டு கேட்பாள். கூடாது. மனிதர்கள் கிட்டே போனால் பயத்தில் சுவரை உடைத்துக்கொண்டு குஞ்சை விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

இனி இங்கே யாரையும் அனுப்ப வேண்டாம். முகாம் மூடினால் மூடட்டும். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

நாத்தனார்


மார்ச் 13

என் நாத்தனாருக்கு,

முதலில் பூனைக்கால். மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆஸ்பத்திரியில் சத்தம் தாங்கவில்லை என்று தவித்தான், அதனால் நம் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குத் தோள் கொடுத்துக் குளிக்கக் கூட்டிப் போகிறார், நம்பு. காலையில் கண் விழித்ததும் அவன் கேட்பது ஒன்றுதான்: "அந்த ஆண் வந்துச்சாமா?"

தப்பு என்னுடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போனேன், குரங்காகிவிட்டது. அன்றையிலிருந்து பதிவை வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அழித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி, அதைத்தான் போன் மணியாக வைத்திருக்கிறேன், மாற்ற மாட்டேன் என்கிறாள். அவள் வீட்டுக்கு நேரிலேயே போனேன். அழித்துவிட்டுத்தான் வந்தேன். மேலாளர் மட்டும் எடுக்கவில்லை. எடுக்கிறவரைக்கும் விட மாட்டேன்.

ஆனால் நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பதினோரு வருஷமாக நான் பார்க்காத காட்டை விற்றுக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருக்கிற பல் டாக்டர், வங்கி மேலாளர், சென்ட் அடித்துக்கொண்டு வருகிற மகராசி எல்லோரும் வந்து போயாயிற்று. "அண்ணி, ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, இத்தனை கடிதத்தில் நீ எழுதியிருக்கிறாயா? வாசனை என்ன என்று கேட்டேன். அதற்கும் ஏலக்காய் இல்லை என்று சொன்னாயே ஒழிய, என்னவென்று சொல்லவில்லை. யானை நிச்சயம் வரும் என்று நான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாய். எனக்கு யானை எப்படி வரும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனக்குத் தெரிந்த காடு அந்தப் பதிவு ஒன்றுதான். சாயங்காலம் முன்னறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, நானும் சிட்டுவும் தினமும் அதைக் கேட்கிறோம். அவளுக்குக் காய்ச்சல் போய் எத்தனையோ வருஷமாயிற்று, இன்னும் கேட்கிறோம். உன் தும்மல் வருகிற இடத்தில் இரண்டு பேரும் "நூறாயுசு" சொல்லுவோம். பிரதி எடுத்துக் கொடுத்த பையன், "இந்தத் தும்மலை வெட்டிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தக் காட்டில் எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான் இருக்கிறாய், உன்னை எப்படி வெட்டச் சொல்லுவேன்? எனக்குச் சந்தோஷம் கொடுத்தது மற்றவர்களுக்கும் கொடுக்கட்டுமே என்று நினைத்தேன். கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோய்ப் பறவைக்கே போட்டுக் காட்டுவார்கள் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

யாரையும் அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டாய். சரி. போனைத் தூக்கித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆண் வந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுது. திட்டுவதற்காகவாவது எழுது.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வந்துவிட்டான்.

மறைவில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததற்கு மறுநாள் காலை. இறக்கைச் சத்தம் முதலில் வந்தது, ரயில் இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி. உங்களுக்குத் தெரியும், பதிவில் இரண்டு தடவை வரும். எதிர் மரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். போவதும் வருவதுமாக என் உயிரை வாங்கினான். கடைசியில் பொந்து வாசலில் வந்து தொற்றிக்கொண்டு, தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே நீட்டினான். கீறலிலிருந்து அந்த அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. நான் அழுதுவிட்டேன் அண்ணி. தும்மல் வேறு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். பூனைக்காலிடம் உடனே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் கூப்பிடவில்லை? சமையலறையில் பல்லி விழுந்ததற்கு நீங்கள் மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, அண்ணன் ஆபீஸிலிருந்து வருகிறவரைக்கும் இறங்கவில்லையே, அதைப் பார்த்தவள் நான். இந்த அண்ணி எங்கே அட்டையையும் தேளையும் தாங்கப் போகிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். உங்களைக் கேட்கவே இல்லை. நீங்களும் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் அல்லவா? ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்! சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

வாருங்கள் அண்ணி. அடுத்த ஜீப்பில் வாருங்கள். அந்தப் பாதை யாருக்கும் கிடையாதுதான், நீங்கள் மட்டும் என்னோடு மறைவுக்கு வாருங்கள். அவன் பழம் கொடுப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஷூவைப் போடுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்கக் கூடாது, பளிச்சென்ற புடவை கூடாது, அவ்வளவுதான்.

வாசனை ஈரச் சாக்கு வாசனை. மழை பெய்தால் ஈரச் சாக்கில் காளான் வைத்த வாசனை. இதைச் சொன்னால் ஒருத்தரும் வர மாட்டார்கள், உண்மைதான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 29

என் செல்ல நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பூனைக்காலிடம் படித்துக் காட்டினேன். மாவுக்கட்டுக் காலோடு எழுந்து நிற்கப் பார்த்தான். சிட்டு துள்ளிக் குதித்ததில் விசிறியே ஒரு நிமிஷம் கிரீச் போடுவதை நிறுத்தியது.

நான் உடனே மூட்டை கட்டிவிட்டேன். உன் அண்ணனின் பழைய காக்கிச் சட்டை, பாசி நிறத்தில் ஒரு துப்பட்டா, அட்டை ஏறாத காலுறை. காலுறையை மாட்டிக்கொண்டு முன்னறையில் நடந்து பழகினேன். உன் அண்ணன் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன், உள்ளிருந்து சிட்டுவின் ரப்பர் விழுந்தது. அதற்கே ஒரு கத்துக் கத்தினேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் நான் வரவில்லை. இன்று காலை ஜீப்காரர் வந்து முன் சீட்டைத் துடைத்துக்கூட வைத்தார். பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் பிரித்துவிட்டேன்.

கோபமில்லை. உன் பிப்ரவரி மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். யாரும் என்றால் யாரும் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு யாரோ இல்லைதான். ஆனால் நான் உன் அண்ணி என்று அந்த ஆண் இருவாச்சிக்கு யார் போய்ச் சொல்வது? இப்போதுதான் பயம் தெளிந்து வந்திருக்கிறான். என்னைப் பார்த்து அவன் ஒரு வேளை வராமல் போனாலும் அந்தப் பசி என் கணக்கில்தானே வரும்? ஏற்கெனவே கணக்கில் இருப்பது போதும். எனக்கு ஆசை இருக்கிறது. ரொம்பவே இருக்கிறது. மூட்டையைப் பிரிக்கும்போது அழுகை வந்தது, போ.

யார் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராத வாய் என்பாயே. இன்றைக்கு வந்துவிட்டது. முதன்முதலாக நான் திருப்பி அனுப்பிய விருந்தாளி நான்தான். அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது. மேலாளரும் கடைசியில் போனை எடுத்தார். பதிவை அழிக்க வைத்தேன். அடுத்த மாதம் நண்பர்களோடு வர வேண்டும், அந்தக் கூட்டைக் காட்ட வேண்டும் என்றார். முடியாது என்றேன். "நீங்க யாரு அதைச் சொல்ல?" என்றார். "அந்த முகாமுக்கு நான்தாங்க வாசல்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ விரும்பினால் போன்மேல் போட்ட துணியை எடுக்கிறேன். வருகிறவர்களிடம், ஒன்றையும் பார்க்காமல் போகலாம் என்றுதான் முதல் வார்த்தையே சொல்லுவேன். டொக் என்று வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

குஞ்சு வெளியே வந்ததும் எழுது. அதற்கு முன்னால் ஆசை காட்டி எழுதாதே.

உன் அண்ணி


ஜூன் 2

அண்ணி,

இன்று காலை சுவரை உடைத்துக்கொண்டு தாய் வெளியே வந்தாள். பறக்கவே மறந்துவிட்டதுபோலக் கிளையில் தள்ளாடினாள். வெயில் ஏறுவதற்குள் குஞ்சும் தலையை நீட்டி, முழித்து, பயந்து, கடைசியில் விழுவதுபோலப் பறந்து எதிர் மரத்துக்குப் போய்விட்டது. பூனைக்கால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தான். பொந்து இப்போது காலி, பாதையைத் திறந்துவிட்டோம்.

ஜீப்பை நாளைக்கே அனுப்புகிறேன். முன் சீட்டு உங்களுக்கு, பின் சீட்டு சிட்டுவுக்கு. அண்ணன் வருவதாக இருந்தால் பேப்பரை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். யானையையும் இருவாச்சியையும் காட்டுவேன் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஈரச் சாக்கு வாசனைக்கு மட்டும் உறுதி சொல்கிறேன். அது சரியாகத் தெரிய வேண்டும், அதனால் தயவுசெய்து சென்ட் போடாமல் வாருங்கள்.

உங்கள் நாத்தனார்